அல்ப்ஸ் அண்ணையும் ஒரு கேள்விப்படாத சாவும்

லண்டனில் ஒரு மனிதர் குடும்பத்தோடு சுற்றுலாப் போகத் திட்டம் போடுகிறார் என்ற செய்தி பரவியதும், அவருடைய சொந்தத்தில் எழுபது தாண்டியவர்கள் எல்லாரும் அவசரமாக உயில் எழுதிவைத்தார்கள். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் லண்டனின் குட்மேய்ஸ் பக்கம் போய் விசாரித்துப் பார்க்கலாம். அந்த மனிதருக்கு டூட்டிங் பகுதியில் அல்ப்ஸ் அண்ணை என்று பெயர். தாய் தகப்பன் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்கள் குடிவரவு அதிகாரிகள் மட்டும்தான்.

எழுத்தாளன் என்று சொல்லித் திரிவதற்கு முன் நான் அவரோடு ஒரு பெற்றோல் செட்டில் பகல் ஷிப்ட் செய்தேன். கல்லாவுக்குப் பின்னால் சிகரெட் அலமாரியின் கதவில் ஐரோப்பிய ரயில் பாதைகளின் வரைபடம் ஒட்டியிருப்பார். சிகரெட் எடுக்கக் கதவைத் திறந்தால் இத்தாலி உள்ளே போய்விடும். வாடிக்கையாளர் "நாலாம் பம்ப்" என்று அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பார். அண்ணை என் பக்கம் திரும்பி, "தம்பி, சுவிசிலை பாசலிலை இறங்கி மற்ற ரயிலுக்கு மாற எட்டு நிமிசம்தான் இருக்கு. மலர் படி ஏறுவாவோ?" என்று கேட்பார். வாடிக்கையாளரும் வரைபடத்தைப் பார்த்துத் தன் அபிப்பிராயத்தைச் சொல்லுவார். ரயிலைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒருவனை நான் இந்த நாட்டில் இன்னும் சந்திக்கவில்லை.

மலர் அக்கா அவருடைய மனைவி. அபி அவர்களுடைய ஒரே மகள். மூன்று பேருக்கும் ரயில் பாஸ் எடுத்து, அல்ப்ஸ் மலைக்குள்ளால் ஒரு கிழமை ரயிலிலேயே சுற்றவேண்டும். அண்ணையின் வாழ்க்கை லட்சியம் அவ்வளவுதான்.

"பாஸ் இருந்தால் எந்த ரயிலிலையும் ஏறலாம் தம்பி. ஒருத்தரும் எங்களைக் கீழை இறக்கேலாது" என்பார்.

அதற்குக் காரணம் இருந்தது. அல்ப்ஸ் மலையை அவர் ஏற்கனவே ஒருமுறை கடந்தவர். இளவயதில் ஊரைவிட்டு ஓடிவந்தபோது, இத்தாலியில் ஆட்களைக் கள்ளமாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் ஒருவன் அவரையும் வேறு இரண்டு பேரையும் ரயில் கழிவறைக்குள் அடைத்து அனுப்பியிருந்தான். "மலைக்குள்ளாலைதான் வந்தனான். மலையைக் காணேல்லை. மற்றவன்ரை முழங்கையைத்தான் கண்டனான்." பிறகு வட ஜேர்மனியில் அகதி முகாம். மேசை மாதிரித் தட்டையான பூமி. அந்த மாவட்டத்தைத் தாண்டிப் போக அனுமதி இல்லை. அங்கே இருந்தபோது ஊரில் தகப்பன் செத்துப்போனார். செய்தி அண்ணைக்கு வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. முகாமில் தனியாளாக முப்பத்தொரு நாள் துடக்குக் காத்தார்.

துடக்கு என்றால் சாவுத் தீட்டு. யாழ்ப்பாணத்துக்காரருக்கு, தகப்பன் வழியில் ஒருவர் செத்தால் முப்பத்தொரு நாள் கோயிலும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை, ஊர் சுற்றுவதும் இல்லை. லண்டனில் எல்லாரும் இதைத் தங்கள் வசதிக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துக்கொண்டார்கள். அண்ணை மட்டும் முழு நீளத்தில் வைத்திருந்தார். தகப்பனுக்குக் காலத்தில் செய்யாத குறையை உலகத்தில் சாகிற ஒவ்வொரு பங்காளிக்கும் செய்து தீர்க்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அப்போது எனக்கு அது விளங்கவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

முதல் முறை பாஸ் எடுத்த கையோடு ரொறன்ரோவில் பெரியப்பாவின் மனைவி போய்விட்டார். அடுத்த கோடையில் பாரிசில் ஒன்றுவிட்ட அண்ணன். அதற்கு அடுத்த கோடையில் மெல்பேணில் ஒருவர். அவரை அண்ணை கண்டதே இல்லை.

"ஆரெண்டே தெரியாத ஆளுக்குத் துடக்கோ அண்ணை?" என்று கேட்டேன்.

"பங்காளியெல்லோ தம்பி."

கோயில் ஐயரே மூன்று நாள் போதும் என்று சொன்னார். அண்ணை விடவில்லை. "ஐயா, நீங்கள் எனக்காகக் குறைச்சுச் சொல்லுறியள்" என்றார். மரக்கறிக் கடையில் விலையைக் கூட்டச் சொல்லிப் பேரம் பேசுவதுபோல் துடக்குக்குப் பேரம் பேசுகிற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் சொந்தக்காரருக்குப் பயம் பிடித்தது. அவர் ரயில் பாஸ் எடுத்தால் ஒரு தலை விழும் என்பது குடும்பத்தில் உறுதியாகிவிட்டது. எட்மண்டனில் இருந்த மாமி, "கப்பலிலை போ ராசா, கப்பலுக்கு ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காது" என்று விளம்பரப் புத்தகங்களை அனுப்பிவைத்தார். குட்மேய்ஸ் சித்தப்பா ஒவ்வொரு பங்குனியிலும் போன் எடுத்தார்.

"தம்பி, இந்த வருசமும் ரயிலோ? எனக்குக் கண் ஒப்பரேசனுக்குத் திகதி தந்திருக்கிறாங்கள். அது முடிஞ்சாப்போலை யோசிப்பமே."

இந்தச் சித்தப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். எதற்கும் விதி காட்டுவார். நான் பத்திரிகையில் எழுதத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு கிழமையும் என் பத்தியை வாசித்துவிட்டுப் பிழை சொல்லப் போன் எடுப்பார். பாராட்டியதாக நினைவில்லை.

பயணம் தள்ளிப்போகப் போக அண்ணையின் ஆயத்தம் முற்றியது. பாஸ் விற்பவர்களோடு போனில் ஒரு மணித்தியாலம் வாதாடினார். பிள்ளைக்கு இலவசம் என்றால் அபிக்கும் இலவசம்தானே என்பது அவர் கட்சி. அபி அப்போது பல்கலைக்கழகத்தில் இருந்தாள். "கலியாணம் கட்டும்வரைக்கும் பிள்ளைதானே?" என்பதை அவர் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்ன விதத்தில், மறுமுனையில் இருந்த பெண் தன் கலியாணக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். பாஸ் மட்டும் இலவசமாகக் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளாப்பம் ஜங்சன் ரயில் நிலையத்தில் ஒத்திகை நடக்கும். மூன்று பெட்டி, ஒரு ரைஸ் குக்கர், குடும்பம் முழுவதும். ஒரு பிளாட்போமில் இறங்கி, படியேறி, மறு அந்தத்தில் இருக்கும் பிளாட்போமுக்கு ஓடவேண்டும். அண்ணை முன்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மலர் அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குக்கரோடு ஓடிவருவார்.

"அப்பா, திஸ் இஸ் நொட் நோர்மல்" என்பாள் அபி.

"சுவிசிலை ரயில் காத்துக்கொண்டு நிக்காது பிள்ளை."

இன்னொரு சிக்கல் சுவிசில் இருந்த சொந்தக்காரர். எங்கள் ஆட்கள் சுவிசுக்குப் போனால் மலை பார்ப்பதில்லை, மச்சாள் வீட்டுச் சோபாதான் பார்ப்பார்கள். பாசலில் ஒரு வீட்டில் மத்தியானச் சாப்பாடு, ஓல்டனில் ஒரு வீட்டில் தேத்தண்ணி, லூசேர்னில் ஒரு வீட்டில் இராத்தங்கல் என்று விடுமுறை முடிந்துவிடும். ஒரு வீட்டைத் தவறவிட்டால் அடுத்த தலைமுறைவரை பேச்சுவார்த்தை இருக்காது. அண்ணை இதற்கும் வழி கண்டுபிடித்தார். ஒவ்வொருவருக்கும் ரயில் நிற்கும் நேரத்தை அறிவித்து, "பிளாட்போமுக்கு வாங்கோ, முகத்தைப் பாத்துக் கதைப்பம்" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் சம்மதித்தார்கள். வெறுங்கையோடு வரமாட்டோம், சாப்பாட்டுப் பார்சலோடுதான் வருவோம் என்பது மட்டும் அவர்கள் போட்ட நிபந்தனை.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த ஒரு தை மாதத்தில் மலர் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பிறகு ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். எங்காவது போகிற எண்ணம் இருந்தால் இந்தக் கோடையில் போய்விடுங்கள் என்று டொக்டர் சொன்னார். அண்ணை அன்றே போய்ப் பாஸ் எடுத்தார். பெற்றோல் செட்டில் வரைபடத்தைக் கழற்றி மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

நான் பார்க்கப் போயிருந்தபோது மலர் அக்கா கதிரையில் சாய்ந்திருந்தார். தலைமுடி போயிருந்தது.

"இஞ்சருங்கோ, இந்த முறை ஆரும் செத்தால் என்ன செய்யிறது?" என்று எனக்கு முன்னால்தான் அண்ணையைக் கேட்டார். "துடக்கு முடியும்வரைக்கும் நான் இருப்பனோ தெரியாதே."

அண்ணை மடித்து வைத்திருந்த வரைபடத்தை எடுத்து இன்னும் ஒருமுறை மடித்தார். பிறகு, "துடக்கெண்டால் துடக்குத்தானே மலர்" என்றார். சாம்பல் பூத்த முகம். ஆனாலும் சொன்னார். எனக்கு அவரை அறையவேண்டும் போலிருந்தது. மலர் அக்கா மட்டும் தலையை ஆட்டினார். அந்த மனிதரோடு அவ்வளவு காலம் வாழ்ந்தவர் அல்லவா.

அவர்கள் புறப்படுவதற்கு முந்தின கிழமை சித்தப்பாவின் மகள் கௌரி அக்கா போன் எடுத்தார். சித்தப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், என்னைப் பார்க்கவேண்டுமாம். எந்தப் பத்தியில் என்ன பிழையோ என்று யோசித்துக்கொண்டே போனேன். மூக்கில் குழாயோடு கிடந்தார். நெஞ்சில் சளி கட்டி, இதயமும் களைத்துவிட்டது என்று வாசலில் கௌரி அக்கா சொல்லியிருந்தார். அண்ணைக்குச் சும்மா தடிமன் காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்கள்.

"அவன் எப்ப வெளிக்கிடுறான்?" என்றார் சித்தப்பா.

"வெள்ளிக்கிழமை."

"அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சிடுவன். அதுக்குப் பிறகு நான் பொறுப்பில்லை." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "இப்ப கவனமாக் கேள். துடக்குக்குக் கணக்கு, சாவு நடந்த நாளிலையிருந்து இல்லை. கேள்விப்பட்ட நாளிலையிருந்து. தேப்பன்ரை துடக்கையும் அவன் அப்பிடித்தான் காத்தவன். கேள்விப்படாட்டில் துடக்கில்லை. விளங்குதோ?"

"அப்பா, உப்பிடிக் கதையாதேங்கோ" என்று கௌரி அக்கா அழுதார்.

"நீ பொறு பிள்ளை. இந்த நாட்டிலை செத்தால் உடனை எரிக்கிறாங்களே? கிழமைக்கணக்காப் பிரிட்ஜுக்குள்ளைதான் வைக்கிறாங்கள். வைச்ச இடத்திலை நான் கிடப்பன். எனக்கென்ன வேலைக்குப் போகவேணுமே? அவள் மலையைப் பாத்திட்டு வரட்டும். வந்தாப்பிறகு என்னை எரியுங்கோ."

ஒவ்வொரு பங்குனியிலும் தன் உயிருக்காகப் போன் எடுத்த மனிதர் இவர்தான். நான் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்று அழுதேன்.

சொன்னபடி வெள்ளிக்கிழமைவரை இருந்தார். அண்ணை குடும்பம் பாரிஸ் தாண்டிச் சுவிசுக்குள் நுழைந்தது. ஞாயிறு காலை சித்தப்பா போய்விட்டார்.

யாழ்ப்பாணத்துச் சனத்திடம் ஒரு சாவை மறைப்பதைவிட, ஆனையைக் கைக்குட்டையால் மூடுவது சுகம். லண்டனில் மூச்சு நின்றால், டொக்டர் கையெழுத்துப் போடுவதற்கு முன் ரொறன்ரோவில் ஒப்பாரி தொடங்கிவிடும். நானும் கௌரி அக்காவும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு கண்டம் கண்டமாக மன்றாடினோம். மரண அறிவித்தல் போடக்கூடாது. படம் போடக்கூடாது. ரொறன்ரோவில் ஒரு மாமி, "வாட்ஸ்அப்பிலை கும்பிடுற கைப் படம் மட்டும் போடலாமோ?" என்று கேட்டார். அதுவும் கூடாது என்றோம். "மெழுகுதிரி?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் பெரிய ஆபத்து ஒன்று தெரிந்தது. சித்தப்பா தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு ரோசாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்புவார். அது நின்றால் அண்ணைக்கு உடனே விளங்கிவிடும். வேறு வழியில்லை. கௌரி அக்கா தகப்பனின் போனை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தினமும் ஒரு ரோசாவை அனுப்பினார். ஆள் பிணவறையில் கிடந்தார். காலை வணக்கம் நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணை பதில் போட்டார். ஏரியின் படம், பாலத்தின் படம், பிளாட்போமில் பார்சலோடு நிற்கும் மச்சான்மார் படம். ஒருநாள் மலர் அக்காவின் படம் வந்தது. மொட்டைத் தலைக்குக் கம்பளித் தொப்பி, கை நிறையப் பனி, குழந்தைச் சிரிப்பு. கீழே, "சித்தப்பா, மலர் பனியைக் கையாலை தொட்டவ" என்று எழுதியிருந்தார்.

"இதுக்குப் பதில் போடாமல் விடேலாது. என்னாலை ஏலாது, நீங்கள் எழுதித் தாங்கோ" என்று கௌரி அக்கா எனக்குப் போன் எடுத்தார். செத்தவரின் நடையில் எழுதவேண்டும். அந்தப் பின்னேரம் முழுக்க எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், "கண்டது சந்தோசம். மலருக்குக் கையுறை போட்டுவிடு" என்று எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியவற்றில் அவர் பிழை சொல்லாதது அது ஒன்றுதான்.

அவர்கள் திரும்பி வந்த நாளில் நானும் கௌரி அக்காவும் ரயில் நிலையத்துக்குப் போனோம். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தோம். அண்ணை எங்களைக் கண்டதும், மலர் அக்காவின் சக்கர நாற்காலியை அபியிடம் கொடுத்து, "லிப்டடிக்குப் போங்கோ பிள்ளை, வாறன்" என்று அனுப்பினார். அவர்கள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியைக் கீழே வைத்தார்.

"இனிச் சொல்லுங்கோ" என்றார்.

"என்னத்தை அண்ணை?"

"சித்தப்பா எப்ப போனவர்?"

கௌரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆர் சொன்னது என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஞாயிற்றுக்கிழமை லூசேர்னிலை மச்சாள் இடியப்பப் பார்சலைத் தந்திட்டு அழுதவ. இடியப்பம் குடுக்கிறதுக்கு ஆரும் அழுவினமே தம்பி?"

"அப்ப ஏன் அவவைக் கேக்கேல்லை?"

"கேட்டால் சொல்லியிருப்பா. சொன்னால் நான் கேள்விப்பட்டதாப் போயிடும். பிறகு மலரைக் கூட்டிக்கொண்டு திரும்பியிருப்பன். என்னாலை அதுக்கு மேலை இருந்திருக்க ஏலாது, உங்களுக்குத் தெரியும்தானே." பெட்டியின் பிடியைத் தடவிக்கொண்டு சொன்னார். "அதுதான் கேக்கேல்லை. ஒரு ஸ்டேசனிலையும் ஒருத்தரையும் ஒண்டும் கேக்கேல்லை."

மெல்பேணில் முகம் தெரியாதவருக்கு முப்பத்தொரு நாள் முழுதாகக் காத்தவர், தூக்கி வளர்த்த சித்தப்பாவுக்குத் தன் காதைப் பொத்திக்கொண்டு திரிந்திருக்கிறார். ஒவ்வொரு நிலையத்திலும் சொந்தக்காரர் கண் கலங்கி நிற்க, இவர் காலநிலையைப் பற்றிக் கதைத்துவிட்டு ரயில் ஏறியிருக்கிறார்.

"அப்ப சித்தப்பாவுக்கு அனுப்பின படங்கள்?" என்றேன்.

"சித்தப்பாவுக்குத்தான் அனுப்பினனான். போன் ஆரின்ரை கையிலை இருந்தால் என்ன?" கௌரி அக்காவைப் பார்த்தார். "இப்ப சொல்லு பிள்ளை. வாயாலை சொல்லு."

கௌரி அக்கா சொன்னார். அண்ணை பெட்டியின்மேல் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

மலர் அக்கா அந்தப் பனிக்காலத்தைத் தாண்டவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை வைத்திருந்து சொல்ல எனக்கு மனமில்லை.

சித்தப்பாவின் செத்தவீடு அவர்கள் திரும்பி வந்ததற்கு அடுத்த கிழமை நடந்தது. இந்த நாட்டில் தகன மண்டபத்தை அரை மணித்தியாலத்துக்குத்தான் தருவார்கள். அதற்குள் தேவாரம், திருவாசகம், இரங்கல் உரை எல்லாம் முடியவேண்டும். எங்கள் ஆட்களுக்கு அரை மணித்தியாலம், ஒலிவாங்கியை ஊதிப் பார்ப்பதற்கே காணாது. வெளியே அடுத்த பிணமும் அதன் சனமும் காத்துக்கொண்டு நிற்கும். என்னையும் பேசக் கேட்டிருந்தார்கள். நானும் நல்லதாக ஓர் உரை எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

எனக்கு முதல் அண்ணையைக் கூப்பிட்டார்கள். அவர் ஒலிவாங்கிப் பக்கம் போகவில்லை. மலர் அக்காவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேரே சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போய், குனிந்து, சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"சித்தப்பா, லூசேர்ன் தாண்டினாப்பிறகு ரயில் மலையைச் சுத்திச் சுத்தி ஏறும். வாசன் எண்டு ஒரு ஊர். அங்கை ஒரு வெள்ளைத் தேவாலயம் இருக்கு. முதல் பாக்கேக்கை அது எங்களுக்கு மேலை, அண்ணாந்துதான் பாக்கவேணும். பிறகு சுரங்கத்துக்குள்ளை ரயில் வளைஞ்சு திரும்பும். வெளியிலை வந்தால் அதே தேவாலயம், எங்களுக்குச் சரிக்குச் சரியா நிக்கும்."

"ஒருக்கா இல்லை. மூண்டு தரம் தெரியும் மாமா" என்றார் மலர் அக்கா, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

"ஓம், மூண்டு தரம். பொறு மலர், ஒவ்வொண்டாச் சொல்லுறன்."

நிகழ்ச்சி நடத்தியவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் கதவடியில் நின்று மெல்லச் செருமினார். அடுத்தது நீங்கள் என்று எனக்குச் சைகை காட்டினார்கள். நான் என் உரையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, என் நேரத்தையும் அவருக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அந்தத் தேவாலயத்தை அவர் சித்தப்பாவுக்கு இன்னும் ஒருமுறை காட்டவேண்டியிருந்தது.